வாசகர் கேள்வி: மெழுகுவத்தி ஆராதனை

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு எங்கள் பிரஸ்பிட்டேரியன் சபையில் மெழுகுவத்தி ஆராதனை வைக்கிறோம். அன்றே திருவிருந்தும் (அப்பமும் திராட்சரசமும் பகிரும் சடங்கு) வைக்கலாமா? பெஞ்செல்லாம் மெழுகு சொட்டுகிறதே, என்ன செய்வது? பெரியவர் ஒருவர், 'இதெல்லாம் நம் மரபே இல்லை' என்கிறார்.

பதில்: திருவிருந்து தாராளமாக வைக்கலாம். ஆனால் போதகர் மட்டும் முடிவெடுத்தால் போதாது, சபையை நிர்வகிக்கும் மூப்பர் குழுவின் ஒப்புதல் வேண்டும். டிசம்பரில் ஆளைப் பிடிப்பது கஷ்டம். நவம்பர் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிடுங்கள்.

மெழுகு சொட்டுவது வத்தியைச் சாய்ப்பதால்தான். எரிகிற வத்தி நிமிர்ந்தே இருக்க, எரியாததைச் சாய்த்துப் பற்றவைக்க வேண்டும். பாதிப்பேர் இதை மாற்றித்தான் செய்வார்கள். விளக்கை அணைக்குமுன் ஒருவர் செய்து காட்டட்டும். மின்விசிறி ஓடவே கூடாது. காற்றில் சுடர் சாய்ந்தால் அந்தப் பக்க விளிம்பு உருகி வழியும். மெழுகைத் தாங்க வத்தியில் செருகும் காகிதத் தட்டு விரலுக்குச் சற்று மேலே இருக்கட்டும், சுடரை ஒட்டி ஏற்றிவிடாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு பேட்டரி விளக்கே போதும். சிந்தியதைச் சூட்டோடு துடைத்தால் பரவும். இறுகியபின் பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டுங்கள்.

பெரியவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பிரஸ்பிட்டேரியன் மரபு வேரூன்றிய ஸ்காட்லாந்தின் நாடாளுமன்றம் 1640-இல் கிறிஸ்துமஸ் விடுமுறையையே ஒழித்தது. அங்கே அது மறுபடி பொது விடுமுறையானது 1958-இல்தான்!