வறியவர் தரும் காணிக்கையைத் திருப்பிக் கொடுப்பதுதானே அன்பு?

கையில் ஒன்றுமில்லாத ஒருவர் சபைக்கோ நமக்கோ ஏதாவது கொண்டுவந்தால், "நீங்களே வைத்திருங்கள்" என்று திருப்பிக் கொடுப்பதுதானே கிறிஸ்தவ அன்பு என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மட்டக்களப்பில் ஒரு மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவள். என் பதில், திருப்பிக் கொடுக்காதீர்கள். வாங்குங்கள், வாங்கியதைப் பயன்படுத்துங்கள்.

மாற்கு 12ஆம் அதிகாரத்தில் வரும் ஏழை விதவையை எல்லாருக்கும் தெரியும். அவள் போட்ட இரண்டு காசும் சேர்ந்து, அந்தக் காலத்துக் கூலியாளின் ஒரு நாள் சம்பளத்தில் 64இல் ஒரு பங்கு. இங்கே இன்று ஒரு நாள் கூலி 3000 ரூபாய் என்று வைத்தால் 50 ரூபாய்கூட வராது. காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்த இயேசுவுக்கு அவளிடம் இருந்ததே அவ்வளவுதான் என்பது தெரியும். "தன் ஜீவனத்துக்கு உண்டாயிருந்ததெல்லாம் போட்டுவிட்டாள்" என்று அவரே சொல்கிறார். ஆனால் பேதுருவைக் கூப்பிட்டு, "பாவம், எடுத்துக் கொடு" என்று சொல்லவில்லை. சீஷர்களை வரவழைத்து, மற்ற எல்லாரையும்விட இவள்தான் அதிகமாகப் போட்டாள் என்று காட்டுகிறார். பசித்தவர்களைப் பார்த்து மனதுருகியவர் இவளைத் தடுக்கவில்லை என்பதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். தடுத்திருந்தால் அவளுக்கு இரண்டு காசு மிஞ்சியிருக்கும். ஆனால் ஆலயத்தில் கொடுப்பவர்களின் வரிசையில் அவளுக்கு இடமில்லை என்று ஆகியிருக்கும்.

எங்கள் சபையில் பெரும்போக நெல் வெட்டு முடிந்ததும் அறுவடை ஆராதனை நடக்கும். நெல் மூடை, பூசணி, தேங்காய்க் குலை, தயிர்ச் சட்டி, கோழி என்று பீடத்துக்கு முன்னால் நிறைந்துவிடும். ஒரு வருடம் வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கமிருந்து வரும் ஒரு பெரியம்மா, பன் என்ற புல்லில் இழைத்த பன்பாய் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்தார். புருசன் இல்லை, பாய் இழைத்துத்தான் சீவியம். பன் வெட்டி, காயவைத்து, சாயம் போட்டு இழைப்பதென்றால் எத்தனை நாள் முதுகு வலி என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வாசலில் நின்ற ஒரு தம்பி, நல்ல மனதோடுதான், "உங்களுக்கே கஷ்டம், இதக் கொண்டுபோய் வித்துக் காசெடுங்க பெரியம்மா" என்றான். அவருடைய முகம் சுண்டிப்போனது. "நான் உனக்கா தாறன்? ஆண்டவருக்குத்தானே மனே தாறன்" என்றார். போதகர் அதைக் கேட்டு இறங்கி வந்து, இரண்டு கையாலும் பாயை வாங்கி, நெல் மூடைகளுக்கு மேலே விரித்து வைத்தார். மற்றப் பொருட்கள் ஏலத்துக்குப் போயின. பாயை விற்கவில்லை, ஞாயிறு பாடசாலைச் சின்னப் பிள்ளைகள் இப்போதும் அதில்தான் இருக்கிறார்கள்.

வேதத்தில் இது புதிய விசயமும் அல்ல. லேவியராகமம் 5ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஆடு கொண்டுவர வசதியில்லாதவன் இரண்டு புறா கொண்டுவரலாம், அதுவும் முடியாதவன் கொஞ்சம் மெல்லிய மாவு. மூன்றுக்கும் ஒரே மன்னிப்புத்தான். மரியாளும் யோசேப்பும் குழந்தை இயேசுவைத் தூக்கிக்கொண்டு ஆலயத்துக்குப் போனபோது கொடுத்ததும் ஏழைகளின் பலிதான் என்பது லூக்கா 2இல் இருக்கிறது. மக்கெதோனியா சபையாரோ தாங்களே கொடிய வறுமையில் இருந்துகொண்டு, எங்கள் உதவியையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பவுலிடம் மன்றாடினார்கள். அவரும் வாங்கிக்கொண்டார்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். விதவையின் காசைப் பற்றிய பிரசங்கம் எத்தனையோ கேட்டிருப்பீர்கள். அதற்குச் சற்று முன்னால், அதே மாற்கு 12இன் 40ஆம் வசனத்தில், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை, அதாவது வேதத்தைப் போதித்தவர்களை, இயேசு கண்டிக்கிறார். இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். அவள் மனமாரக் கொடுப்பது வேறு, "கடைசிக் காசையும் போடுங்கள், ஆசீர்வாதம் வரும்" என்று மேடையில் நின்று கறப்பது வேறு. அப்படிக் கறப்பது பாவம். கொடுத்தவர் பெயரையும் தொகையையும் ஒலிபெருக்கியில் வாசிப்பதும் எனக்குப் பிடிக்காது. 500 ரூபாய் போட்டவர் அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு போவார்.

வாங்கிய கைக்குப் பொறுப்பும் வருகிறது. பஞ்ச காலத்தில் எலியா தீர்க்கதரிசி சாறிபாத் என்ற ஊருக்குப் போனபோது, அங்கிருந்த ஒரு விதவையிடம் மிச்சமிருந்தது ஒரு பிடி மாவு. எலியா அதில் அடை கேட்டுச் சாப்பிட்டார், உண்மைதான். ஆனால் அவளுடைய பானை வெறுமையாகாது என்ற கர்த்தருடைய வாக்கையும் அவர்தான் சொன்னார். எங்கள் மாதர் சங்கத்தில் பிடியரிசி சேர்க்கிறோம், உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வைப்பது. சேர்ந்த அரிசி கஷ்டப்பட்ட வீடுகளுக்குப் போகிறது. பாய் தந்த பெரியம்மாவின் வீட்டுக்கும் போகிறது. அவரும் மாதம் தவறாமல் தன் பங்கைக் கொண்டுவந்து தருகிறார், நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்.