சராசரி எடுத்தால் தீருமா?

கேள்வி: பிரபஞ்சம் விரிவடையும் வேகம் 67 என்று ஒரு சாராரும் 73 என்று மற்றொரு சாராரும் கூறுகின்றனர். நடுவே 70 என்று வைத்துக்கொண்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா?

பதில்: தீராது. இந்த எண்கள், 32.6 லட்சம் ஒளியாண்டு தொலைவுக்கு நொடிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைக் குறிப்பவை. 2001-இல் ஹப்பிள் தொலைநோக்கியின் முதன்மைத் திட்டம் 72 என்று அறிவித்தபோது, 8 கூடவோ குறையவோ இருக்கலாம் என்றும் சேர்த்தே சொன்னது. ஆகவே அன்றைக்கு 67-உம் 73-உம் ஒரே வரம்புக்குள் அடங்கியிருந்தன. இன்றோ பிளாங்க் விண்கலத்தின் 67.4-க்குப் பிழை வரம்பு 0.5 மட்டுமே, வானியலாளர் ஆடம் ரீஸ் குழுவினர் 2022-இல் வெளியிட்ட 73.04-க்கு 1.04. இரண்டு வரம்புகளும் இப்போது ஒன்றையொன்று தொடவில்லை; 70 இரண்டுக்கும் வெளியே நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. ரீஸ் குழுவினர், ஒளி சீராகக் கூடிக் குறையும் செஃபீடு விண்மீன்களையும், ஏறத்தாழ ஒரே பிரகாசத்தில் வெடிக்கும் ஒருவகை சூப்பர்நோவாக்களையும் (வெடித்துச் சிதறும் விண்மீன்கள்) ஏணிப்படிகளாக வைத்துத் தொலைவை அளக்கிறார்கள். பிளாங்க் அளந்ததோ, பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 ஆண்டுகளுக்குப் பின் புறப்பட்ட ஒளியை. அதிலிருந்து, கண்ணுக்குப் புலப்படாத இருள்பொருளும், விரிவை வேகப்படுத்தும் இருள்ஆற்றலும் அடங்கிய கோட்பாட்டின் வழியே இன்றைய வேகம் கணிக்கப்படுகிறது. அளந்ததையும் கணித்ததையும் கூட்டி இரண்டால் வகுத்தால், கோட்பாட்டில் ஓட்டை இருக்கிறதா என்ற கேள்வியையே புதைத்துவிடுவோம்.

1970-களில் வானியலாளர்கள் ஆலன் சாண்டேஜ் 50-ஐ ஒட்டியும், ஜெரார் த வோகூலர் 100-ஐ ஒட்டியும் பிடிவாதமாக நின்றார்களே, கடைசியில் விடை நடுவில்தானே வந்தது என்று நீங்கள் கேட்கலாம். வந்தது உண்மைதான்; ஆனால் சமரசத்தால் அல்ல, தொலைதூர விண்மீன் மண்டலங்களில் உள்ள செஃபீடுகளைப் பிரித்துக் காணும் கண் ஹப்பிளுக்கு வாய்த்ததால் வந்தது.

இப்போதும் அதே வழியில்தான் தேடுகிறார்கள். பக்கத்து விண்மீன்களின் ஒளி கலந்து செஃபீடுகளைக் கூடுதல் பிரகாசமாகக் காட்டியிருக்குமோ என்ற சந்தேகத்தை, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் கூர்மையான படங்கள் பெரும்பாலும் போக்கிவிட்டன. செஃபீடுகளுக்குப் பதிலாகச் செம்பெரு விண்மீன்களைப் பயன்படுத்திய வெண்டி ஃபிரீட்மன் குழுவினருக்கு 2019-இல் கிடைத்தது 69.8. அது உங்கள் 70-க்கு நெருக்கமானதுதான். ஆயினும் அவர்களும் அடுத்த படிக்கு அதே வகை சூப்பர்நோவாக்களையே நம்பியிருக்கிறார்கள்.

இரு தரப்பையும் சாராத சாட்சியாக ஈர்ப்பலைகளை, அதாவது பெரும் மோதல்களால் வெளியில் பரவும் அதிர்வுகளைச் சொல்லலாம். 2017 ஆகஸ்டில் பதிவான நியூட்ரான் விண்மீன் மோதலிலிருந்தும் 70 என்ற எண்ணே கிடைத்தது. ஆனால் அதன் பிழை வரம்பு 62 முதல் 82 வரை நீள்கிறது. அத்தகைய மோதல்கள் இன்னும் பல பதிவானால்தான் அது தீர்ப்புச் சொல்லும்.