ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை விட்டு விலகலாமா, டீச்சர்?

கேள்வி: அன்புள்ள டீச்சர், ஒன்பதாம் வகுப்பு வரை திருச்சியில் படித்துவிட்டு அமெரிக்கா வந்தவள் நான். இப்போது நியூ ஜெர்சியில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு, ப்ரீ-மெட் (மெடிக்கல் ஸ்கூலுக்குத் தயாராகும் படிப்பு). முதல் ஆண்டில் 32 கிரெடிட், ஜி.பி.ஏ. (4-க்குக் கணக்கிடும் கிரேடுச் சராசரி) 3.6. அறிவியல், கணக்குப் பாடங்களில் மட்டும் பார்த்தால் 20 கிரெடிட்டுக்கு 3.4. இந்த செமஸ்டர் மொத்தம் 15 கிரெடிட். அதில் 4 கிரெடிட் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி முதல் பாகம். இரண்டு மிட்டெர்ம் முடிந்தது: 41, 46. வகுப்புச் சராசரி 58, 61. நானூறு ஃபிளாஷ் கார்டு எழுதி மனப்பாடம் செய்தும் இதுதான் வருகிறது. வித்ட்ரா செய்ய இன்னும் 12 நாள் இருக்கிறது. செய்தால் டிரான்ஸ்கிரிப்டில் பாடத்தை விட்டு விலகியதற்கு அடையாளமாக ‘டபிள்யூ’ விழும். அதைப் பார்த்தால் எந்த மெடிக்கல் ஸ்கூலும் சேர்க்காது என்கிறாள் ரூம்மேட். “எடுத்ததைப் பாதியில் விடாதே, போனால் திரும்ப எழுதிக்கொள்ளலாம்” என்கிறார் அப்பா. அவரிடம் பாடம் கஷ்டமாக இருக்கிறது என்று மட்டும்தான் சொன்னேன், மார்க்கைச் சொல்லவில்லை. இரண்டாவது விடைத்தாளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். நான் என்ன செய்வது? (பெயர் வேண்டாம். அம்மா இந்தப் பத்திரிகையைப் படிப்பார்.)

பதில்:

அன்புள்ள மகளே,

இதழ் அச்சாகி வருவதற்குள் உன் கெடு முடிந்துவிடும் என்பதால் இந்தப் பதிலை முதலில் உனக்கே அனுப்பினேன். இங்கே வெளியிடச் சம்மதம் தந்ததற்கு நன்றி. இதே நிலையில் இருக்கும் இன்னும் சில பிள்ளைகளுக்கும் அவர்கள் பெற்றோருக்கும் இது உதவலாம்.

நீ விடைத்தாளை அனுப்பியது நல்லதாகப் போயிற்று. வெறும் 46 என்று எழுதியிருந்தால் என்னால் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். 46 வாங்கிவிட்டுக் கடைசியில் பி எடுத்தவர்களும் உண்டு, 60 வாங்கிவிட்டு மூழ்கியவர்களும் உண்டு. மார்க்கைவிட அது எப்படிப் போனது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கேள்வியை எடுத்துக்கொள்வோம். சைக்ளோஹெக்ஸனாலைக் கந்தக அமிலத்தோடு சூடாக்கினால் என்ன கிடைக்கும், எப்படிக் கிடைக்கும்? சைக்ளோஹெக்ஸீன் என்று சரியாக எழுதியிருக்கிறாய். ஆனால் பன்னிரண்டுக்கு நான்கு மார்க்தான். ஏன்? எலெக்ட்ரான் போகும் வழியைக் காட்டும் முதல் வளைவு அம்பை அமிலத்தின் ஹைட்ரஜனில் தொடங்கி ஆக்சிஜனில் முடித்திருக்கிறாய். அந்த ஹைட்ரஜனிடம் கொடுப்பதற்கு எலெக்ட்ரானே இல்லை. அம்பு ஆக்சிஜனின் தனி இணையில் (பிணைப்பில் சேராத எலெக்ட்ரான் ஜோடியில்) கிளம்பி ஹைட்ரஜனுக்குப் போயிருக்க வேண்டும். அடுத்த படியில் நீர் மூலக்கூறு கழன்று போவதைச் சரியாகவே வரைந்திருக்கிறாய். அதற்கடுத்த படியில், பக்கத்துக் கார்பனில் இருக்கும் ஹைட்ரஜனை எது எடுக்கிறது, அந்தப் பிணைப்பின் எலெக்ட்ரான்கள் எங்கே போகின்றன என்ற இடம் காலி. பென்சிலால் மூன்று முறை எழுதி அழித்த தடம் படத்திலேயே தெரிகிறது.

அந்த அழித்த தடத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ படிக்காமல் போகவில்லை. இதைப் படிக்க வேண்டிய முறையில் படிக்கவில்லை. விடை உன் கார்டில் இருந்தது, வழி இல்லை. திருச்சியில் பயாலஜிக்குக் கைகொடுத்த முறை இங்கே கைவிட்டுவிட்டது. இந்தப் பாடத்தில் ஐந்தாறு அடிப்படை எலெக்ட்ரான் அசைவுகள்தான் திரும்பத் திரும்ப வரும். அவை கையில் வந்துவிட்டால் நானூறு கார்டில் முந்நூற்றைம்பதைத் தூக்கிப் போடலாம். வராவிட்டால் எண்ணூறு கார்டு எழுதினாலும் போதாது.

இது சரியாகக்கூடிய குறைதான். ஆனால் மீதி இருக்கும் ஐந்தாறு வாரத்தில் சரியாகுமா என்பதுதான் உன் கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீ அனுப்பிய பாடத்திட்டப்படி மூன்று மிட்டெர்முக்கும் தலா 20 சதவீதம், ஃபைனலுக்கு 40. இதுவரை உன் கையில் இருப்பது நூற்றுக்கு 17.4. போன வருடங்களில் பேராசிரியர் 55-ஐ ஒட்டி சி கொடுத்தார் என்கிறாய். அப்படியானால் மீதி 60-இல் 37.6 வேண்டும். அதாவது அடுத்த மிட்டெர்மிலும் ஃபைனலிலும் 63 எடுத்தால்தான் சி. இதுவரை நீ 50-ஐத் தொட்டதில்லை. மூன்றாவது தேர்வுப் பகுதி முழுவதும் இந்த அம்புகளின் மேல்தான் நிற்கிறது. 63 எடுக்கவே முடியாது என்று சொல்லவில்லை. ஃபிசிக்ஸையும் மற்ற பாடங்களையும் பலி கொடுக்காமல் எடுப்பது மிகவும் கஷ்டம்.

இப்போது அப்பா சொன்னதற்கு வருகிறேன். அவர் தமிழ்நாட்டில் பி.இ. படித்தவராக இருப்பார் என்று நினைக்கிறேன். அங்கே அரியர் விழுந்தால் அடுத்த தடவை எழுதி க்ளியர் செய்துவிட்டால் கதை முடிந்தது. அந்த அனுபவத்தில் அவர் சொல்வது நியாயம். ஆனால் இங்கே மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பத்தில் அது செல்லாது. எம்.டி. கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பம் வழியாகத்தான் போக வேண்டும். திரும்ப எழுதி ஏ வாங்கினாலும் பழைய டி மறையாது, இரண்டையும் சேர்த்துத்தான் ஜி.பி.ஏ. போடுவார்கள். உன் கல்லூரி தன் கணக்கில் பழையதை நீக்கிவிட்டாலும் ஆம்காஸ் நீக்காது. டி.ஓ. என்ற இன்னொரு வகை மருத்துவப் பட்டம் தரும் கல்லூரிகளின் விண்ணப்ப அமைப்பு மட்டும் முன்பு பழைய கிரேடைக் கணக்கில் இருந்து விட்டுவிட்டது. 2017-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். டபிள்யூவோ ஜி.பி.ஏ. கணக்கில் வருவதே இல்லை.

ஆம்காஸ் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் தனியாக ஒரு ஜி.பி.ஏ. போடும். உன் 20 கிரெடிட், 3.4-ஐ வைத்துக்கொள். இந்தப் பாடத்தில் டி (4-க்கு 1) வந்தால் 3.0 ஆகிவிடும். அதைத் திரும்ப எடுத்து ஏ வாங்கினாலும் 3.14-தான். இப்போது விலகிவிட்டு அடுத்த முறை அதே ஏ வாங்கினால் 3.5. மெடிக்கல் ஸ்கூலில் சேரும் மாணவர்களின் மொத்த ஜி.பி.ஏ. சராசரியே 3.75-க்கு மேல் இருக்கும்போது, இந்த வித்தியாசத்தை அப்பாவிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டு. எண்ணைப் பார்த்தால் புரிந்துகொள்வார்.

ரூம்மேட் சொன்னது தவறு. ஒரு டபிள்யூவுக்காக யாரும் விண்ணப்பத்தைத் தூக்கி ஓரமாக வைப்பதில்லை. நேர்காணலில் ஏன் என்று கேட்கலாம். “படிக்கும் முறை தவறு என்று தெரிந்தது, விலகினேன், மாற்றிக்கொண்டு வந்து எடுத்தேன்” என்று சொல்ல முடிந்தால், பக்கத்தில் ஒரு ஏவோ பி-ப்ளஸ்ஸோ இருந்தால், அதோடு முடிந்தது. செமஸ்டருக்கு ஒன்று என்று டபிள்யூ வரிசையாக நின்றால்தான் வேறு அர்த்தம் வரும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் முறை விலகும்போது வரும் நிம்மதி இனிப்பானது. அடுத்த கஷ்டமான பாடத்திலும் கை தானாக அந்தப் பக்கம் போகும். இந்தக் கதவை நீ ஒரு தடவைதான் திறக்கலாம் என்று வைத்துக்கொள்.

ஆக, என் கருத்து: விலகிவிடு. ஆனால் முதலில் ஒரு சோதனை. இந்த சனிக்கிழமை காலை ஃபோனை அணைத்துவிட்டு, வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு, பழைய தேர்வுகளில் இருந்து நீ பார்க்காத பத்துக் கேள்விகளை நோட்டைத் திறக்காமல் போடு. ஒவ்வொரு அம்பும் எங்கிருந்து கிளம்புகிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வரை. திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு பேராசிரியர் மாணவர்களைப் பார்க்கும் ஆபீஸ் ஹவர்ஸுக்குப் போ. “எனக்குப் பயமாக இருக்கிறது” என்று தொடங்காதே, தொடங்கினால் அவர் உன்னைத் தேற்றத்தான் பார்ப்பார். “இந்தப் பத்தில் என் தவறு எந்த வகை? இதுவரை இந்த நிலையில் இருந்தவர்கள் சி-க்கு மேல் வந்திருக்கிறார்களா?” என்று கேள். பத்தில் ஏழு சரியாக வந்து, அவரும் நம்பிக்கையாகச் சொன்னால் என் கருத்தைத் தள்ளிவிட்டுத் தொடர்ந்து எழுது. அவர் உன் முகத்தைப் பார்த்துச் சொல்வது நான் தூரத்தில் இருந்து சொல்வதைவிட மேல்.

விலகும் பட்டனை அமுக்குவதற்கு முன் ஒரு விஷயம். 15-இல் 4 போனால் 11. முழுநேர மாணவிக்கு 12 வேண்டும். உனக்கு கிரீன் கார்டு வந்துவிட்டதால் விசாச் சிக்கல் இல்லை. (எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் சர்வதேச மாணவர் அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் 12-க்குக் கீழே போகவே கூடாது. அட்வைசர் சரி என்றாலும் போதாது.) ஆனால் உதவித்தொகைக்கு இந்த 12 முக்கியமாகலாம். நிதியுதவி அலுவலகத்துக்கு நேரில் போய் இரண்டு கேள்வி கேள்: 11 ஆனால் இந்த செமஸ்டர் பணத்தில் ஏதாவது திரும்பக் கட்ட வேண்டுமா, அடுத்த செமஸ்டர் பணம் பாதிக்குமா? பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள். செமஸ்டரின் நடுவில் தொடங்கும் ஒரு கிரெடிட் பாடங்கள் பல பல்கலைக்கழகங்களில் உண்டு. இன்னும் இடம் இருந்தால் அதில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் 12 ஆகிவிடும். மத்திய அரசு உதவிக்கு, எடுத்த கிரெடிட்டில் மூன்றில் இரண்டு பங்காவது முடித்திருக்க வேண்டும் என்ற விதி உண்டு. உனக்கு 47-இல் 43 வரும், கவலை வேண்டாம்.

பாஸ்/ஃபெயில் முறைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. இந்தப் பாடத்துக்கு எழுத்து கிரேடு கேட்கும் மெடிக்கல் ஸ்கூல்கள் ஏராளம்.

விலகிய பிறகும் வகுப்பில் போய் உட்கார பேராசிரியர் அனுமதி கொடுத்தால் உட்கார். மார்க் பயம் இல்லாமல் கேட்கும்போது காது வேறு மாதிரி வேலை செய்யும். முதல் ஐந்து அத்தியாயத்தையும் தினம் ஒரு மணி நேரம், பென்சிலோடு மட்டும், முதலில் இருந்து போடு. நாற்காலி வடிவ சைக்ளோஹெக்ஸேனை இன்னும் கண்ணால் பார்க்க முடியவில்லை என்றால் பந்தும் குச்சியுமாக ஒரு மாடல் கிட் வாங்கு. நூலகத்தில் இரவல்கூடக் கிடைக்கும். வசந்த செமஸ்டரில் முதல் பாகம் நடந்தால் அப்போது எடு, இல்லாவிட்டால் அடுத்த இலையுதிர் காலத்தில் எடு. கோடையில் ஐந்தாறு வாரத்தில் முடிக்கும் வகுப்பு உனக்கு வேண்டாம். நிதானமாகக் கற்க வேண்டியதை ஓட்டத்தில் கற்கப் போய்த்தானே இங்கே வந்து நிற்கிறோம்.

ஒரு வருடம் தள்ளிப் போகுமே என்று நினைப்பாய். போகலாம். இங்கே மெடிக்கல் ஸ்கூலில் சேர்பவர்களின் சராசரி வயதே 24 அளவில் இருக்கிறது. கல்லூரி முடித்து ஒன்றிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுச் சேர்பவர்கள்தான் பாதிக்கும் மேல். பிளஸ் டூ முடித்த கையோடு நீட் எழுதிப் பதினெட்டு வயதில் எம்.பி.பி.எஸ். போகும் உன் பழைய வகுப்புத் தோழிகளோடு ஒப்பிட்டுக்கொண்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. அது வேறு ஊர் ரயில், வேறு தண்டவாளம்.

இது வராவிட்டால் நான் டாக்டர் ஆகவே லாயக்கில்லையோ என்று கடிதத்தின் ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தாய். மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வான எம்கேட்டில் ஆர்கானிக் நேரடியாக வருவது வேதியியல், இயற்பியல் பகுதியில் 15 சதவீதம், உயிரியல் பகுதியில் 5 சதவீதம் அளவுக்குத்தான். பயோகெமிஸ்ட்ரிக்கு இது அடித்தளம் என்பதால் தவிர்க்க முடியாது, அவ்வளவே. நோயாளியின் பக்கத்தில் உட்கார உனக்கு மனம் இருக்கிறதா என்பதை இந்தப் பாடம் சொல்லாது.

கடைசியாக, அப்பா அம்மா. இதற்குத்தான் நீ ரொம்பப் பயப்படுகிறாய் என்று தெரிகிறது. உனக்குப் பதினெட்டு தாண்டிவிட்டதால் கல்லூரி பொதுவாக அவர்களிடம் தானாக எதையும் சொல்லாது, நீதான் சொல்ல வேண்டும். கெடுவுக்கு முன்னாலேயே சொல். விலகிவிட்டுச் சொன்னால் பேச்சு முழுக்க ‘ஏன் மறைத்தாய்’ என்று போய்விடும், பாடம் பின்னால் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போ. சாப்பாடு ஆனதும் விடைத்தாளை மேஜையில் வை. “அப்பா, இது என் மார்க். இது என் தவறு. இது இரண்டு வழிக்கும் கணக்கு” என்று அந்த வரிசையிலேயே சொல். முதல் ஐந்து நிமிடம் கோபம் வரும், குரல் உயரும். பதில் பேசாமல் இரு. அம்மா ஏதாவது கேட்டால் அழுகை வரலாம், வந்தால் வரட்டும். முடிவு உன்னுடையது என்பதை மரியாதையாக, ஆனால் தெளிவாகச் சொல்லிவிடு.

கெடு கடைசி நாள் நள்ளிரவு வரை இருக்கும் என்று நம்பிவிடாதே, சில இடங்களில் மாலை ஐந்து மணிக்கே இணையதளம் மூடிவிடும். இரண்டு நாள் முன்னாலேயே முடித்து, வந்த உறுதிச் செய்தியைச் சேமித்து வை.

ஜனவரியில் முதல் அத்தியாயத்தைத் திரும்பப் போடும்போது எங்காவது அம்பு நின்றுவிட்டால் படம் எடுத்து எனக்கு அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
டீச்சர்