மண்வெட்டியோடு மலைப்பாதைக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மலைப்பாதைகளைச் சீர்செய்யும் தன்னார்வலர் குழுவில் சேர ஆசை. மண்வெட்டி பிடித்தே பழக்கமில்லை. சேரலாமா?

தாராளமாக. புதியவர்களுக்குப் பெரும்பாலும் வாய்க்கால் தூர்வாருவதும் வெட்டிய கிளைகளை இழுத்துப் போடுவதும்தான் வேலை. கணுக்காலை மூடும் ஷூ, முழுக்கால் சட்டை, கனமான கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, ஆளுக்கு 2 முதல் 3 லிட்டர் தண்ணீர் இருந்தால் போதும். கருவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடக்காதீர்கள். பள்ளப் பக்கத்துக் கையில் (மலை கீழே சரியும் பக்கம்), அலகு கீழே பார்க்கப் பிடியுங்கள். கால் தடுக்கினால் அதை வெளியே விட்டெறிந்துவிடலாம். வேலை செய்யும்போது ஆளுக்கு ஆள் 3 மீட்டராவது இடைவெளி வேண்டும். நிலத்தை நிர்வகிப்பவரின் அனுமதி இல்லாமல் எதையும் வெட்டவோ தோண்டவோ கூடாது.

கேள்வி: ஒவ்வொரு மழைக்கும் பாதையின் நடுவே பள்ளம் விழுகிறது. மண் கொட்டி நிரப்பினோம், அதுவும் போய்விட்டது. ஏன்?

தண்ணீர் வரும் வழியை அப்படியே விட்டுவிட்டுப் பள்ளத்தை மட்டும் நிரப்பினால், கொட்டிய மண் அடுத்த மழைக்குத் தீனி. ஆள் நடக்க நடக்கப் பாதையின் நடுப்பகுதி அமுங்குகிறது. பள்ளப் பக்க ஓரத்தில் மண்ணும் சருகும் சேர்ந்து வரப்பு கட்டிவிடுகிறது. மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் அந்த வரப்பைத் தாண்ட முடியாமல் பாதையிலேயே ஓடுகிறது. பாதையே வாய்க்காலாகிவிடுகிறது.

முதலில் அந்த வரப்பை முழு நீளத்துக்கும் வெட்டி எடுங்கள். பிறகு பாதையைப் பள்ளப் பக்கமாக 5 சதவீதம் சாய்த்துச் செதுக்குங்கள், 60 செ.மீ. அகலப் பாதைக்கு 3 செ.மீ. இறக்கம். பாதித் தண்ணீர் உள்ள பாட்டிலைப் பாதையின் குறுக்கே படுக்க வைத்தால் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். வெட்டிய மண்ணை ஓரத்திலேயே குவித்தால் புது வரப்புக்கு நீங்களே அடி போட்டதாகிவிடும். சரிவில் தள்ளிப் பரப்பிவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் அரித்தால், பாதை போகும் தடமே தவறாக இருக்கலாம். பாதையின் ஏற்றம், அது குறுக்கே செல்லும் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. சரிவு 20 சதவீதம் என்றால் பாதை 10 சதவீதத்துக்குள். அதை மீறினால் தண்ணீர் பக்கவாட்டில் வழியாமல் பாதையோடே இறங்கும். அப்போது தடத்தை மாற்றுவதுதான் வழி. அது நிர்வாகம் எடுக்க வேண்டிய முடிவு.

கேள்வி: தண்ணீரைத் திருப்பக் குறுக்கே கட்டை பதித்தோம். ஒரே பருவத்தில் மண்ணால் மூடிக்கொண்டது.

பாதைக்கு நேர் குறுக்காக, 90 பாகையில் பதித்திருப்பீர்கள். தண்ணீர் முட்டி நின்று, சுமந்து வந்த வண்டலை அங்கேயே இறக்கிவிடும். 45 முதல் 60 பாகைக்குச் சாய்த்துப் பதித்தால் தண்ணீர் வேகம் குறையாமல் வண்டலையும் தள்ளிக்கொண்டு வெளியேறும். வெளியேறும் வாயைக் குறுகலாக விடாதீர்கள். மண்வெட்டி தாராளமாகப் புழங்கும் அகலம் வேண்டும். எப்படிப் பதித்தாலும் தூர்வாராத கட்டை நிலைக்காது. முடிந்தால் மழை பெய்யும்போதே ஒருமுறை போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கே தப்புகிறது என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: பாதை ஓரக் கிளைகளை எவ்வளவு தூரம் வெட்டலாம்?

நடந்து செல்லும் பாதைக்கு சுமார் 1.2 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் உயரமும் போதும். பாதிக் கிளையில் வெட்டிக் கூரிய முனையை நீட்டி விடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு, கண்ணில் குத்தும். கிளை தண்டோடு சேருமிடத்தில் தடித்த வளையம் போலிருக்கும். அதற்குச் சற்று வெளியே வெட்டுங்கள். கனத்த கிளையாக இருந்தால் முதலில் அடிப்பக்கத்தில் கொஞ்சம் அறுத்துவிட்டு, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து அறுங்கள். இல்லையென்றால் கிளை சாயும்போது தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். அதன் பிறகு மிச்சக் கட்டையை எடுக்கலாம்.

கேள்வி: கொண்டை ஊசி வளைவுகளில் எல்லோரும் குறுக்கே இறங்குகிறார்கள். அறிவிப்புப் பலகை வைத்தும் பயனில்லை.

கீழே இருக்கும் பாதை கண்ணுக்குத் தெரிகிறவரை இறங்கத்தான் செய்வார்கள். குறுக்கு வழியின் மேல்வாயையும் கீழ்வாயையும் கற்களாலும் காய்ந்த கிளைகளாலும் அடையுங்கள். மேல்வாய்க்குக் கூடுதல் கவனம் தேவை. இடையில் இறுகிப்போன மண்ணை 10 செ.மீ. ஆழத்துக்குக் கொத்திவிட்டுச் சருகு பரப்புங்கள். இறுகிய மண்ணில் விதை வேர் பிடிக்காது. செடி முளைத்து மறைக்கும்வரை அடைப்பை அவ்வப்போது சரிபார்க்க வேண்டியிருக்கும், யாராவது கல்லை நகர்த்தியிருப்பார்கள்.