டவுன் வீதியில் ஒட்டிய சுவிங்கம்: கேள்வி பதில்

டவுன் சுத்திகரிப்பு வேலையை மேற்பார்த்து ஓய்வுபெற்றவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன், ஊர்ப் பெயரோடு கேளுங்கள்.

அட்டன்: அண்ணே, தினமும் கூட்டியும் பஸ் நிலையத்தில் அந்தக் கறுப்புப் புள்ளிகள் போவதில்லையே, ஏன்?

சுவிங்கத்தின் பசை முன்பு சப்போட்டா இன மரத்துப் பாலில் செய்தது. இப்போது பெரும்பாலும் செயற்கை ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான். சீனியும் வாசனையும் வாயிலேயே கரைந்துவிடும், மிச்சம் எந்த மழைக்கும் கரையாது. நாலு பேர் மிதித்ததும் தாரின் பொடிக்கல்லுக்குள் இறங்கி, தூசி அப்பிக் கறுத்துப்போகும். அதற்குப் பிறகு விளக்குமாறு மேலால்தான் போகும். துப்பிய அன்றைக்கே எடுத்தால்தான் சுலபம்.

நுவரெலியா: எப்படி எடுப்பது?

விடியக்காலையில். குளிரில் இறுகியிருக்கும்போது பட்டி பூசும் தகட்டைப் படுக்கையாக வைத்துத் தள்ளினால் ஒரே துண்டாகப் பெயரும். வெயில் ஏறிவிட்டால் நூல் நூலாக இழுபட்டு இன்னும் பரவும். பழசுக்கு நீராவி இயந்திரமும் தூரிகையும் வேண்டும். மண்ணெண்ணெய் மட்டும் ஊற்றாதீர்கள், தாரும் அதில் கரையும்.

பதுளை: பெற்றோல்?

அதுவும் தாரைக் கரைக்கும். நெருப்பும் பிடிக்கும்.

பண்டாரவளை: தேயிலைத் தோட்டத்துச் சனம் வெற்றிலை துப்பிச் சுவரெல்லாம் சிவப்பு. அதை விட்டுவிட்டு சுவிங்கமா?

கொட்டகலைத் தங்கச்சி ஒருவர் இதற்குள் கேட்டுவிட்டார்: கொழுந்து பறிக்கிற அம்மாக்கள் மட்டுமா வெற்றிலை போடுகிறார்கள், பஸ் டிரைவரும் கடை முதலாளியும் போடுவதில்லையா என்று. அவர் கேட்டது நியாயம். வெற்றிலைக் கறை பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்து வரும் சிவப்பு, காயுமுன் தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் பெரும்பகுதி போய்விடும். சுவிங்கம் அப்படிப் போகாது. டவுனைக் கூட்டுகிறவர்களில் எத்தனை பேர் தோட்டத்துப் பிள்ளைகள் என்று ஒருநாள் காலையில் போய்ப் பாருங்கள். எவனோ துப்பியதைக் குனிந்து சுரண்டுகிறவர்களையே குற்றம் சொன்னால் எனக்குக் கோபம் வரும். வெற்றிலையை விடச் சொல்வதானால் அந்த அம்மாக்களின் உடம்புக்காகச் சொல்லுங்கள், புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே வாய்ப் புற்றுநோய் தரும்.

மறுபடி பண்டாரவளை: சரி, சிங்கப்பூர் மாதிரித் தடை போடலாமே?

அங்கே ரயில் கதவின் சென்சரிலெல்லாம் ஒட்டிவைத்தார்கள், 1992இல் தடை வந்தது. 2004இலிருந்து மருத்துவ வகை மட்டும் மருந்தாளரிடம் கிடைக்கிறது. எனக்குப் பிடித்தது பிரித்தானியா 2021இல் தொடங்கிய வழி. சுவிங்கம் செய்யும் கம்பனிகள் தரும் பணத்தில் நகரசபைகள் வீதியைக் கழுவுகின்றன. இங்கேயும் விற்கிறவன் கொடுக்கட்டும்.

தலவாக்கலை: மண்ணெண்ணெயில் சவர்க்காரத் தூள் கலந்தால்?

வேண்டாம் ஐயா! மேலே வாசியுங்கள். உங்கள் ஊர்க் கானில் விட்டது கொத்மலை ஓயாவுக்குப் போய் மகாவலியில் சேரும், அதைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மஸ்கெலியா: மகளின் சீருடையில் ஒட்டிவிட்டது.

பொலித்தீனில் ஐஸ் கட்டி சுற்றி வையுங்கள், இறுகியதும் சுரண்டுங்கள். அயர்ன் பண்ணாதீர்கள்.

அப்புத்தளை: விழுங்கினால் குடலில் ஒட்டுமா?

ஒட்டாது, தானாக வெளியே போய்விடும். குழந்தை நிறைய விழுங்கியிருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

இராகலை, ஆசிரியர்: பிள்ளைகளுக்கு என்ன சொல்லலாம்?

சுற்றி வந்த தாளை எறியாமல் பையில் வைத்திருந்து, மென்று முடித்ததும் அதிலேயே மடித்து வாளியில் போடச் சொல்லுங்கள். வாளி பஸ் ஏறும் இடத்தில் இருக்க வேண்டும், ஏறுமுன்தான் துப்புகிறார்கள். மூடியுள்ள வாளியாக வையுங்கள் டீச்சர். சீனியில்லாத சுவிங்கம் சிலவற்றில் சைலிட்டோல் என்ற இனிப்பூட்டி இருக்கிறது, நாய்களுக்கு அது விஷம்.