ஃப்ளோரிடாவில் மானட்டீயைத் தொட்டியில் இல்லாமல் இயற்கையிலேயே எங்கே பார்க்கலாம்?

டிசம்பர் கடைசி வாரம் அப்பா அம்மாவோடு ஆர்லாண்டோவில் தங்கப்போவதாகவும், யாருக்கும் நீச்சல் தெரியாது என்றும், மானட்டீ என்ற கடற்பசு வகைப் பிராணியைத் தொட்டியில் அடைத்து வைத்திருப்பதைப் பார்க்க விருப்பமில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: ப்ளூ ஸ்பிரிங் ஸ்டேட் பார்க். ஆர்லாண்டோவுக்கு வடக்கே ஆரஞ்சு சிட்டி என்ற சின்ன ஊரில் இருக்கிறது, காரில் முக்கால் மணி நேரம். டிஸ்னி பக்கம் தங்கினால் கூடுதலாக ஆகும், ஐ-4 நெடுஞ்சாலை நெரிசல் அப்படி.

ஆனால் எங்கே என்பதைவிட என்றைக்கு என்பதுதான் பெரிய விஷயம். நான் டாம்பா பக்கம் குடியிருக்கிறேன். குளிர்காலத்தில் ஊரிலிருந்து யார் வந்தாலும் மானட்டீ காட்டக் கூட்டிப்போகும் வேலை என் தலையில்தான் விழும். போய்விட்டு ஒன்றையும் காணாமல் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் இடத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தவர்கள் இல்லை. நல்ல வெயில் நாளாகப் பார்த்துப் போனவர்கள்.

மானட்டீயைப் பார்த்தால் குளிர் அதை என்ன செய்துவிடும் என்றுதான் தோன்றும். பத்தடி நீளம், அரை டன் எடை. ஆனால் திமிங்கிலத்துக்கு இருப்பதுபோலத் தடித்த கொழுப்புப் படலம் அதற்குக் கிடையாது. புல் தின்கிற பிராணி, உடம்பு சூட்டை உண்டாக்கும் வேகமும் குறைவு. தண்ணீர் 20 டிகிரி செல்சியஸுக்கு, அதாவது 68 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போய் அப்படியே சில நாள் நின்றால் அதற்கு உயிருக்கே ஆபத்து. தோலில் புண் விழும், தீனி எடுக்காது, கடைசியில் செத்தும் போகும். அதனால் கோடை முழுக்கக் கடலோரத்திலும் கழிமுகங்களிலும் சிதறிக் கிடப்பவை, நவம்பரில் குளிர் ஆரம்பித்ததும் வெதுவெதுப்பான தண்ணீர் இருக்கும் இடமாகப் பார்த்து ஒதுங்குகின்றன. ஃப்ளோரிடாவில் அப்படி இரண்டு வகை இடம் உண்டு. ஒன்று வருஷம் முழுக்க 22 டிகிரியிலேயே பொங்கிக்கொண்டிருக்கும் ஊற்றுகள். இன்னொன்று மின் நிலையங்கள் வெதுவெதுப்பான தண்ணீரை வெளியே விடும் கால்வாய்.

ஆக, உங்கள் வாரத்தில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து குளிர் அடித்தால், அதற்கு மறுநாள் காலைதான் உங்கள் நாள். டிக்கெட், தீம் பார்க் எல்லாவற்றையும் அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளுங்கள். வாடைக்காற்று, மப்பு, ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே நிற்க முடியாத காலை, இதெல்லாம் நமக்கு எவ்வளவு கஷ்டமோ மானட்டீ பார்ப்பதற்கு அவ்வளவு நல்லது.

ப்ளூ ஸ்பிரிங்கில் ஊற்றுக்கண்ணிலிருந்து செயின்ட் ஜான்ஸ் ஆறு வரை ஒரு சின்ன ஓடை. அதன் கரையோரமாக மரநிழலில் பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள், நடுநடுவே நின்று பார்க்க மேடைகள் உண்டு. மொத்தமே அரை கிலோமீட்டர் சொச்சம், உங்கள் அப்பா அம்மாவுக்குச் சிரமம் இருக்காது. தண்ணீர் கண்ணாடி. ஆற்றுத் தண்ணீர் தேநீர் நிறத்தில் கறுத்து ஓட, ஓடைத் தண்ணீர் பச்சை கலந்த நீலமாகத் தெளிந்து கிடக்கும். இரண்டும் சேரும் கோட்டுக்கு இந்தப் பக்கமாக அவை வரிசையாகப் படுத்திருக்கும். முதலில் ஏதோ அடிமரங்கள் மூழ்கிக் கிடப்பதாகத்தான் நினைப்பீர்கள். என் அம்மா முதல் தடவை பார்த்துவிட்டு, "நம்ம ஊரு எருமைங்க குட்டையில கிடக்கிற மாதிரில்ல கிடக்குது" என்றார். அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மேடையில் சும்மா பத்து நிமிஷம் நின்று ஒரே ஒரு மானட்டீயை மட்டும் பாருங்கள். அடியில் படுத்திருப்பது ஒரு அசைவும் இல்லாமல் மேலே வரும், மூக்கு நுனி மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரியும், இரண்டு துளையும் மூடி போட்டதுபோலத் திறக்கும். "புஃப்" என்று ஒரு மூச்சு, மறுபடி மூடிக்கொண்டு கீழே இறங்கிவிடும். சும்மா படுத்திருந்தால் இருபது நிமிஷம் வரைகூட மூச்சை அடக்கும். முன்துடுப்பின் நுனியில் நகங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள், யானைக் கால் நகம் போலவே இருக்கும். உண்மையில் உறவும் யானையோடுதான். குட்டி தாயின் துடுப்புக்குப் பின்னால், அக்குளில் முகத்தைப் புதைத்துப் பால் குடிக்கும். சிலவற்றின் முதுகில் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும் மீன்கள் நமக்குத் தெரிந்தவைதான். நம் ஊர் மீன்தொட்டிக் கடைகளில் டேங்க் கிளீனர் என்று விற்கும் சக்கர் மீன். யாரோ தொட்டியிலிருந்து ஆற்றில் விட்டுப் பெருகியவை இங்கே மானட்டீயின் முதுகுப் பாசியைச் சுரண்டித் தின்கின்றன. குளிருக்குப் பயந்து அசையாமல் கிடக்க வேண்டிய பிராணி, இதைத் தாங்க முடியாமல் புரண்டு புரண்டு உதறும்.

முதுகுகளில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் தெரியும். படகு மோட்டாரின் இறக்கை கிழித்த தழும்புகள். தழும்பில்லாத பெரிய மானட்டீ கிடைப்பதே அரிது. அந்தத் தழும்புகளை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டு பேர் வைத்திருக்கிறார்கள். மெர்லின், புரூட்டஸ் என்று 1970களிலிருந்தே பதிவில் இருந்தவை உண்டு. குளிர்காலத்தில் காலையில் தோணியில் போய் எண்ணுகிறார்கள். 2024 ஜனவரியில் ஒரே நாளில் 932 எண்ணினார்கள், அதுவரை இல்லாத உச்சம். வெயில் நாளில் அதே ஓடையில் பத்துப் பதினைந்துகூடத் தேறாது. இப்போது புரிகிறதா ஏன் வானிலையைப் பார்க்கச் சொல்கிறேன் என்று? இந்த ஊற்றின் நேரலைக் கேமரா இணையத்தில் ஓடுகிறது. கிளம்பும் முன் அதைத் திறந்து பார்த்தால் போதும்.

நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை ஓடையில் யாரும் இறங்கக் கூடாது, படகும் கிடையாது. எனக்கு ப்ளூ ஸ்பிரிங் பிடிப்பதற்கே அதுதான் காரணம். மனிதர்கள் கரையில், அவை தண்ணீரில், யாருக்கும் தொந்தரவில்லை.

"கிரிஸ்டல் ரிவர் போங்கள், கூடவே நீந்தலாம்" என்று உங்களிடம் நிச்சயம் யாராவது சொல்வார்கள். மேற்குக் கடலோரத்தில், ஆர்லாண்டோவிலிருந்து ஒன்றரை இரண்டு மணி நேரம். அங்கே கிங்ஸ் பே என்ற உள்வளைகுடாவில் நிறைய ஊற்றுகள். மானட்டீக்காகவே 1983இல் அங்கே தேசிய வனவிலங்குப் புகலிடம் அமைத்தார்கள். வெட்சூட் என்ற நீச்சல் உடை, முகத்தைத் தண்ணீரில் வைத்தபடியே மூச்சுவிட ஸ்நார்க்கல், கையில் மிதவைக் குழாய் எல்லாம் கொடுத்து விடியற்காலையில் படகில் கூட்டிப்போவார்கள். முதலில் ஒரு வீடியோ போட்டுக் காட்டுவார்கள்: தொடாதே, துரத்தாதே, காலை உதைத்து நீந்தாதே, குப்புற மிதந்து சும்மா பார். நல்ல வழிகாட்டி கிடைத்தால் அருமையான அனுபவம்தான், மறுக்கவில்லை. நீச்சல் தெரியாதவர்களும் மிதவையைப் பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டு வருகிறார்கள். ஆனால் வாரக் கடைசியில் படகுக்குப் படகு ஆள் இறங்கி, தூங்கும் ஒரு பிராணியைச் சுற்றி இருபது பேர் மிதப்பதைப் பார்த்தால் எனக்கு என்னவோ போல் இருக்கும். வயதானவர்களோடு போகும்போது அந்தக் குளிர்ந்த காலையில் ஈர வெட்சூட்டும் தேவையா என்று யோசியுங்கள். அதே ஊரில் த்ரீ சிஸ்டர்ஸ் ஸ்பிரிங்ஸைச் சுற்றி நடைபாதை இருக்கிறது, டிக்கெட் எடுத்துக்கொண்டு மேலிருந்தே பார்க்கலாம். கடுங்குளிர் நாட்களில் மானட்டீ நிறைய உள்ளே வந்துவிட்டால் அந்த ஊற்றில் நீந்துகிறவர்களை விட மாட்டார்கள். அப்போது நடைபாதையில் நிற்பவருக்குத்தான் யோகம்.

மூன்றாவது இடம் எங்கள் டாம்பா விரிகுடா ஓரம், அப்போலோ பீச். நிலக்கரி எரிக்கக் கட்டிய பிக் பெண்ட் மின் நிலையம், வானளாவும் புகைபோக்கிகள், அதன் காலடியில் மானட்டீ. இயந்திரங்களைக் குளிர்விக்க விரிகுடாவிலிருந்து எடுத்த உப்புநீரை வெதுவெதுப்பாகத் திரும்ப விடும் கால்வாயில் வந்து குவிகின்றன. மின் நிறுவனமே 1986இல் பார்வை மையம் திறந்தது. நுழைவு, வண்டி நிறுத்தம் இரண்டும் இலவசம், நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை. தண்ணீர் ஊற்று மாதிரி தெளிவாக இருக்காது, முதுகும் மூக்கும்தான் தெரியும். ஆனால் எண்ணிக்கைக்குக் குறைவில்லை, கூடவே திருக்கை மீனும், சில நாள் சுறா துள்ளுவதும் கிடைக்கும். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் வசதி. அட்லாண்டிக் பக்கம் ரிவியெரா பீச்சிலும், தென்மேற்கே ஃபோர்ட் மையர்ஸிலும் இதே மாதிரி மின் நிலைய ஓரத்தில் பார்க்கும் இடங்கள் உண்டு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஃப்ளோரிடா மானட்டீயில் பாதிக்கு மேல் குளிர்காலத்துக்கு இந்த மின் நிலையங்களை நம்பித்தான் பிழைக்கிறது. குட்டி தாயோடு இரண்டு வருஷம்வரை சுற்றி வழியைக் கற்றுக்கொள்கிறது. தாய் வந்த கால்வாய்க்கே அதுவும் வரும். பழைய நிலையங்களை ஒவ்வொன்றாக மூடும் நாள் வந்தால், வெந்நீர் நின்ற கால்வாயிலேயே வந்து காத்துக்கிடக்கும். அதற்கு என்ன மாற்று என்பதுதான் இங்கே ஆராய்ச்சியாளர்களின் தலைவலி. ஊற்றுகளின் நீர்வரத்தைக் காப்பாற்றினால்தான் உண்டு.

குளிர் மட்டும் எதிரி இல்லை, பசியும்தான். 2021இல் மட்டும் ஃப்ளோரிடாவில் 1,100 மானட்டீ செத்தன. கிழக்குக் கரையின் இந்தியன் ரிவர் லகூன் என்ற உப்பங்கழியில் சாக்கடையும் உரமும் கலந்து பாசி பெருகி, வெளிச்சம் போகாமல் கடற்புல் அழிந்துவிட்டது. வெந்நீருக்கு வந்தவற்றுக்குத் தின்ன ஒன்றுமில்லை. அடுத்த குளிர்காலத்தில் கேப் கனவெரல் பக்கம் அரசாங்கமே லெட்டூஸ் கீரையை லாரி லாரியாகக் கொட்டிக் காப்பாற்ற வேண்டிவந்தது. கிரிஸ்டல் ரிவரில் உள்ளூர்க்காரர்கள் பாசியை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புல்லை மறுபடி நட்டு வளர்த்திருக்கிறார்கள், அது பிடித்தும் கொண்டது. இதைப் படித்துவிட்டு நீங்கள் கீரைக்கட்டு வாங்கிக்கொண்டு போகாதீர்கள்! தீனி போடுவது, படகுத்துறையில் குழாய்த் தண்ணீரைத் திறந்து குடிக்க விடுவது எல்லாமே குற்றம். மனிதர் பக்கம் வரப் பழகிய மானட்டீ படகுப் பக்கமும் வரும், அப்புறம் அந்தத் தழும்புதான்.

இது நம் ஆவுளியாதானே என்று பின்னூட்டத்தில் யாராவது கேட்பார்கள். இல்லை, இது அதன் பங்காளி. பாக் நீரிணையில் இருப்பது டுகாங், வால் திமிங்கிலத்தினுடையது போலப் பிளந்திருக்கும், கடலை விட்டு ஆற்றுக்குள் வராது. மானட்டீக்கு வட்டமான துடுப்பு வால், உப்புநீர் நன்னீர் இரண்டிலும் வாழும். நம் பக்கம் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 2022இல் தமிழ்நாடு அரசு டுகாங்குக்காக 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவித்திருக்கிறது. ஆனால் இங்கே மாதிரி மேடையில் நின்று எண்ணிப் பார்ப்பதெல்லாம் அங்கே நடக்காது.

கோடையில் வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அப்போது ஊற்றுக்குப் போவது வீண். எவர்கிளேட்ஸின் தென்கோடியில் ஃபிளமிங்கோ படகுத்துறையில் வருஷம் முழுக்கவே நிறைய பேர் பார்க்கிறார்கள், அமெரிக்க முதலையும் அங்கேயே வெயில் காயும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மெரிட் தீவு புகலிடத்தின் ஹாலோவர் கால்வாய் மேடை நல்ல இடம், கென்னடி ஏவுதளம் பார்க்கப் போகும்போது சேர்த்துக்கொள்ளலாம். கலங்கிய தண்ணீரில் உருவத்தைத் தேடாதீர்கள். வால் அடித்த இடத்தில் தண்ணீர் மேல் வட்ட வட்டமாக எண்ணெய் ஊற்றியதுபோல வழவழப்பு வரிசையாகத் தெரியும், அதற்கு முன்னால் மூக்கு எழும்பும். தண்ணீர் மேல் அடிக்கும் கூச்சத்தைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி போட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

உங்களுக்கு: கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை ப்ளூ ஸ்பிரிங் வாசலில் கார் வரிசை ரோடு வரை நிற்கும். வண்டிக்கு 6 டாலர். இடம் நிரம்பினால் கதவை மூடிவிட்டு, உள்ளே இருப்பவர்கள் வெளியேறும் வரை காக்க வைப்பார்கள். காலை 8 மணிக்குத் திறக்கும்போதே வாசலில் இருங்கள். வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம் என்று நினைத்தால் மறுபடி வரிசைதான், அதனால் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டே போய்விடுங்கள். உள்ளே மேஜைகள் இருக்கின்றன.