ஐயா வைத்திருந்த பழைய வெப்லி ரிவால்வரில் சிலிண்டர் சிக்குகிறது. என்ன கோளாறாக இருக்கும்?

தேவகோட்டை வீட்டு இரும்புப் பெட்டியில் நெடுங்காலம் கிடந்த .32 அளவு வெப்லியை (குழலை மடித்துத் திறக்கும் பிரிட்டிஷ் கைத்துப்பாக்கி) முறைப்படி தம் பெயருக்கு மாற்றிக்கொண்டதாகவும், விசையை இழுக்கும்போது தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டர் திணறுவதாகவும், சில தோட்டாக்கள் வெடிப்பதில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். பர்மாவிலிருந்து வந்தவர்கள் விட்டுச்சென்ற இத்தகைய துப்பாக்கியொன்றை எங்கள் குடும்பத்திலும் பராமரித்து வருவதால் எழுதுகிறேன். உங்கள் துப்பாக்கி தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், அது அழுக்கடைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

குழலை மடித்துத் திறந்து, சிலிண்டரின் ஆறு தோட்டா அறைகளும் காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துவிட்டு, தோட்டாக்களை வீட்டின் வேறோர் அறையில் வைத்த பிறகே எதையும் தொடுங்கள். நம் பக்கத்துப் பெரியவர்கள் துப்பாக்கிக்கும் தேங்காய் எண்ணெய் போடுவதுண்டு. அது ஆண்டுக்கணக்கில் இறுகிப் பிசின்போல் ஒட்டிக்கொண்டு, தோட்டாவை அடிக்கும் சுத்தியலின் வேகத்தைக் குறைத்துவிடும். மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, துப்பாக்கிக்குரிய மெல்லிய எண்ணெயைச் சொட்டளவு இட்டாலே பாதித் தொல்லை தீரக்கூடும். வெற்றுத் தோட்டாக்களை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் ஒரு துளி மருந்துத்தூள் தங்கியிருந்தாலும் தகடு சற்று எழும்பி நின்று பின்புறம் உரசும் என்பதால், அதை உயர்த்தி அடிப்பகுதியைத் தூரிகையால் துடைப்பது அவசியம். காலியாக இருக்கையில் தடையின்றிச் சுழன்று, தோட்டா இட்டதும் சிக்கினால், குறை பெரும்பாலும் தோட்டாவில்தான்.

இத்தனைக்குப் பிறகும் சிக்கினால் பூட்டு நேரத்தை, அதாவது சிலிண்டர் சரியான கணத்தில் பூட்டிக்கொள்கிறதா என்பதைச் சோதியுங்கள். சிலிண்டரின் மேல் ஒரு விரலை லேசாக அழுத்தியபடி, கட்டைவிரலால் சுத்தியலை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். சுத்தியல் முழுமையாக நின்று பூட்டிக்கொள்வதற்கு முன்பே, அல்லது அதே கணத்தில், கீழேயுள்ள தடுப்பு சிலிண்டரின் பள்ளத்தில் விழவேண்டும். சுத்தியல் நின்ற பின்னும் சிலிண்டர் பள்ளத்திற்கு வரவில்லையென்றால், அறை குழலுக்கு நேராக நிற்காமல் ஈயம் சீவப்பட்டுப் பக்கவாட்டில் தெறிக்கும். அந்த நிலையில் சுடவே கூடாது. ஆறு அறைகளையும் தனித்தனியே பாருங்கள்: ஒன்றிரண்டில் மட்டும் பிழையென்றால் சிலிண்டரின் பின்புறத்தில் அவற்றுக்குரிய பற்கள் தேய்ந்திருக்கும், எல்லாவற்றிலும் பிழையென்றால் அந்தப் பற்களைத் தள்ளிச் சிலிண்டரைச் சுழற்றும் நாக்கு தேய்ந்திருக்கும். பழுது பார்ப்பவரிடம் நீங்கள் சொல்லவேண்டிய மிகப் பயனுள்ள செய்தி இதுதான்.

வெடிக்காததற்குத் தளர்ந்த வில், தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசி மழுங்கியிருப்பது, பழைய தோட்டா ஆகிய மூன்றும் காரணமாகலாம். வெப்லியில் குழலைப் பூட்டும் மேல் கொண்டி முழுமையாக மூடாவிட்டாலும் சுத்தியல் தோட்டாவை எட்டாது, அதையும் பாருங்கள்.

நாக்கை அரத்தால் ராவிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அரைத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. மேலும் 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5 ஆம் பிரிவு, துப்பாக்கி பழுது பார்ப்பதற்கு உரிமம் வேண்டும் என்கிறது. காரைக்குடியில் கைதேர்ந்த கொல்லர் இருந்தாலும் அவரிடம் கொடுக்காமல், உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடமே உங்கள் உரிமப் புத்தகத்தோடு எடுத்துச் செல்லுங்கள். தேர்தல் காலத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்பப் பெறும்போதும் இதே துடைப்பும் எண்ணெயும் தேவைப்படும். தோல் உறைக்குள் மட்டும் வைக்காதீர்கள், அது ஈரத்தை இழுத்து இரும்பைத் துருவேற்றும், பித்தளைத் தோட்டாவைப் பச்சை பூக்கச் செய்யும்.